முழங்கைச் சத்திரசிகிச்சையும் நரம்புக் காப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

வகுப்பறை வாங்கின் விளிம்பிலோ கதவு நிலையிலோ முழங்கை எதிர்பாராது இடிபட, மின் பாய்ந்தாற் போன்ற ஓர் அதிர்ச்சி சிறுவிரல் நுனிவரை ஓடுவதை அனுபவித்தறியாதார் நம்மில் எவருமிலர். கையை உதறிவிட்டுச் சிரித்தபடியே அதனை நாம் மறந்துவிடுகின்றோம். என்பிலே அடிபட்டதென்றே பலரும் கருதுவர். உண்மையில் அடிபட்டது என்பன்று. அதன் பின்புறத்தே, தோலுக்குச் சற்றே கீழாக, காவலின்றிக் கிடக்கும் ஒரு நரம்பேயாகும். கணநேரத்தில் மறைந்துபோகும் அச்சிற்றதிர்ச்சிக்குக் காரணமான அமைப்பே, முழங்கையிற் கத்தி வைக்கத் துணிந்த வைத்தியர்களை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சுறுத்தி வந்துள்ளது.

வரலாறு என்றதும் முடிமன்னரும் போர்க்களமும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மனிதன் தன் கையின் பயனைக் காத்துக்கொள்ளக் கற்ற கதையும் வரலாறேயாம். முழங்கைச் சத்திரசிகிச்சையில் நரம்புக்கு நேரக்கூடிய கேடுகள் யாவை, அவற்றைத் தவிர்க்க வைத்தியர் எவ்வாறு கற்றனர், அவர்க்கு அதனைக் கற்பித்தது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

மூன்று என்புகளும் மூன்று நரம்புகளும்

முழங்கையிலே புயவென்பு, ஆரை, அரந்தி என்னும் மூன்று என்புகள் கூடுகின்றன. அவற்றை அடுத்து மூன்று பெருநரம்புகள் கைக்குச் செல்கின்றன. அரந்தி நரம்பு, புயவென்பின் உட்புற முனைப்புக்குப் பின்னேயுள்ள ஒரு தவாளிப்பினூடாகச் செல்வது. சிறுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சியைத் தருவதும், உள்ளங்கையின் நுண்தசைகளுட் பெரும்பாலானவற்றை இயக்குவதும் இதுவே. எழுதுகோலைப் பிடித்தல், பொத்தானைப் பூட்டுதல், விரல்களை விரித்தல் முதலிய நுண்தொழில்கள் இதனாலேயே இயலுகின்றன. நடு நரம்பு, புயநாடியை ஒட்டி முழங்கையின் முன்புறமாகச் செல்வது. பெருவிரலை மற்றை விரல்களோடு எதிர்த்து நிறுத்தும் ஆற்றல் இதனைச் சார்ந்தது. ஆரை நரம்பு வெளிப்புறமாக வந்து இரண்டாகப் பிரிகின்றது. அதன் ஆழ்ந்த கிளை ஆரையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு தசையினுள் நுழைந்து பின்புறம் செல்கின்றது. விரல்களை நிமிர்த்துவது இக்கிளையே.

இவ்வமைப்பை நோக்கின் வைத்தியர்க்குள்ள இடர் எளிதிற் புலப்படும். உட்புறமாகச் சென்றால் அரந்தி நரம்பு. முன்புறமாகச் சென்றால் நடு நரம்பு. வெளிப்புறமாகச் சென்றால் ஆரை நரம்பின் கிளை. எத்திசையாற் புகினும் ஒரு நரம்பின் அருகே செல்லாது மூட்டை அடைதல் அரிது.

கையை இழந்த காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை, கசநோயினாலோ குண்டடியினாலோ முழங்கை மூட்டு அழுகினால், மேற்கையிலே வெட்டி அகற்றுவதே ஐரோப்பிய வைத்தியர் கண்ட வழியாயிருந்தது. உயிர் பிழைத்தாலும் கை போயிற்று. இந்நிலையை மாற்ற முற்பட்டோருள் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரத்துச் சத்திரவைத்தியரான ஹென்றி பார்க் ஒருவர். கையையோ காலையோ முழுவதும் வெட்டாமல், நோயுற்ற மூட்டை மாத்திரம் அறுத்தெடுக்கலாம் என்று 1783 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கடிதத்தில் அவர் எழுதினார். அவரிடம் முழந்தாள் மூட்டு நீக்கப்பெற்ற மாலுமி ஒருவன் மீண்டும் கப்பலேறித் தொழில் செய்தான். பிரான்சு நாட்டில் மொறோ என்னும் தந்தையும் மகனுமாகிய வைத்தியர் இதே வழியில் முயன்றனர். பார்க், மொறோ ஆகியோரின் அனுபவங்களைக் கிளாஸ்கோப் பேராசிரியர் ஜேம்ஸ் ஜெவ்றே 1806 இல் ஒரு நூலாகத் தொகுத்து வெளியிட்டார். பின்னர் எடின்பரோ நகரத்து ஜேம்ஸ் சைம், நோயுற்ற மூட்டுக்களை அறுத்தெடுத்தல் பற்றி 1831 இல் எழுதிய நூல், முழங்கைக்கு இம்முறையே ஏற்றதென்பதைப் பலர்க்கும் உணர்த்திற்று.

கை தப்பிற்று, ஆயினும் கையின் பயன் தப்பிற்றா என்ற வினா எஞ்சி நின்றது. தொடக்கத்திற் செய்யப்பட்ட சிகிச்சைகளில் மூட்டின் பின்புறத்தை அகலத் திறந்து என்புகளை அறுக்கும்போது அரந்தி நரம்பும் உடன் வெட்டுண்ணும் ஆபத்துப் பெரிதாயிருந்தது. உயிரோடு ஒப்பிட ஒரு சிறுவிரலின் உணர்ச்சி பெரிதன்று என அக்காலத்தார் எண்ணினால் அவர்மீது குறைகூறல் ஆகாது. எனினும் அந்நரம்பை இழந்தவனுக்கு விரல்கள் புள்ளின் நகம்போல வளைந்து, உள்ளங்கைத் தசைகள் வற்றி, பிடிப்பு நழுவும். தொழிலாளிக்கு அக்கை உடம்போடு ஒட்டியிருப்பதொன்றேயன்றி உழைப்பிற்கு உதவுவதன்று.

இக்குறையை நீக்க வழிகண்டவர் பாரிஸ் நகரத்துப் பெரும் சத்திரவைத்தியரான டுப்புயித்திரன். என்பை அறுப்பதற்கு முன்னரே நரம்பின் உறையைத் திறந்து, அதனை விடுவித்து, உட்புற முனைப்பின் முன்னே ஒதுக்கி வைத்து, அதன்பின் என்பிலே வாளை வைத்தல் அவர் முறை. முதலில் நரம்பு, பின்னர் என்பு என்னும் இவ்வொழுங்கே இன்றுவரை முழங்கையின் உட்புறத்தைத் திறக்கும் வைத்தியர் பலர்க்கும் வழிகாட்டியாக நிற்கின்றது. காணாததைக் காத்தல் இயலாது என்பதே அதன் உட்பொருள்.

விரைவிலிருந்து நிதானத்திற்கு

டுப்புயித்திரனின் முறை சிறந்ததாயினும் அதனை எல்லாரும் கைக்கொள்ள ஒரு தடை இருந்தது. மயக்கமருந்து அறியப்படாத அக்காலத்தில், நோயாளி விழித்திருக்க, அலறியிருக்க, உதவியாளர் அவனைப் பிடித்திருக்கவே கத்தி வேலை செய்தது. விரைவே இரக்கமாகக் கருதப்பட்டது. நரம்பைத் தேடிக்கண்டு மெல்ல ஒதுக்குவதற்கோ நிதானம் வேண்டும். 1846 இல் ஈதரும் 1847 இல் குளோரோபோமும் வந்த பின்னரே அந்நிதானம் எளிதாயிற்று. 1867 இல் லிஸ்டர் காபோலிக்கமிலத்தாற் புண் அழுகாமற் காக்கும் வழியை வெளியிட்டார். 1873 இல் ஜேர்மனியின் எஸ்மார்க் இறப்பர் பட்டியினாற் கையின் இரத்தத்தை ஒதுக்கி, குருதி மறைக்காத தெளிவான களத்தில் வேலை செய்யக் கற்பித்தார்.

உடலமைப்பு நூல்களும் இக்காலத்திற் செம்மையுற்றன. 1858 இல் இலண்டனில் வெளிவந்த ஹென்றி கிறேயின் நூல் நரம்புகளின் வழியைப் படங்களோடு காட்டிற்று. அந்நூல் நம்மவர்க்கும் அயலானதன்று. மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தம் மாணவரைத் தமிழிலேயே வைத்தியம் பயிற்றுவித்தவர். கிறேயின் உடலமைப்பு நூலும் அவர் முயற்சியாலே தமிழில் வந்தது. நரம்பு செல்லும் வழியைத் தாய்மொழியிற் படித்தறிந்த ஒரு வைத்தியர் கூட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் இருந்ததென்பது நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டியதொன்று.

வெட்டுண்ட நரம்பு வளருமா?

நரம்பைக் காக்க வேண்டும் என்ற உணர்வு வலுப்பெற, அது கெட்டால் என்னாகும் என்ற அறிவும் வேண்டியதாயிற்று. 1850 இல் ஒகஸ்ரஸ் வோலர் தவளையின் நரம்புகளை ஆராய்ந்து, வெட்டுண்ட இடத்துக்கு அப்பாலுள்ள பகுதி சிதைந்து போவதைக் கண்டறிந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே நரம்பிற் குண்டடிபட்டோரைப் பிலடெல்பியாவிற் கவனித்த வெயர் மிச்சல் தம் துணைவரோடு 1864 இல் எழுதிய நூல், நரம்புக்காயம் தரும் வாட்டத்தையும் எரிவு நோவையும் விரித்துரைத்தது. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு வைத்தியர் புறொமென் ஓர் எளிய சோதனையைக் காட்டினார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு தாளைப் பற்றச் செய்து அதனை இழுத்தால், அரந்தி நரம்பு பழுதுற்றவன் பெருவிரலின் நுனியை மடக்கியே தாளைப் பற்றிக்கொள்வான். ஒரு செய்தித்தாளைக் கொண்டே நோயை அறியும் வழி இது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒக்ஸ்போட்டிலிருந்த ஹேபேட் செடன் நரம்புக்காயங்களை மூவகையாகப் பிரித்து 1943 இல் விரிவாக எழுதினார். முதலாவது வகையில் நரம்பு அறாது செயல் மாத்திரம் தற்காலிகமாக நின்றுபோகும். வாரங்களிலோ சில மாதங்களிலோ தானே தெளியும். இரண்டாவதில் உள்ளிழைகள் அற்றும் உறை நிலைத்திருக்கும். இழைகள் உறையின் வழியே மெல்ல வளர்ந்து சேரும். மூன்றாவதில் நரம்பு முழுவதும் அறும், தைத்தாலன்றிச் சேராது. அவுஸ்திரேலியாவின் சிட்னி சண்டலண்ட் 1951 இல் இதனை ஐந்து படிகளாக மேலும் நுணுக்கினார்.

இவ்வறிவு முழங்கைக்குத் தரும் எச்சரிக்கை கடுமையானது. நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவே வளரும். வளர்ந்தவர் ஒருவரின் முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைகள் ஏறத்தாழ 250 அல்லது 300 மில்லிமீற்றர் தொலைவிலுள்ளன. ஆகவே இழைகள் வந்துசேர ஓராண்டுக்குக் கிட்டிய காலம் செல்லும். அதற்குள் ஆணையின்றிக் கிடந்த தசைகள் வற்றி, வந்த நரம்பை ஏற்கும் ஆற்றலை இழக்கவும் கூடும். மணிக்கட்டில் நேர்ந்த காயத்தினும் முழங்கையில் நேர்ந்த காயம் கொடிதாவது இதனாலேயே. பின்னர்த் தைப்பதினும் முன்னர்க் காப்பதே மேல் என்பது இங்கு வெறும் அறவுரையன்று. கணக்கினால் நிறுவத்தக்க உண்மையாம்.

கத்தி செய்யாத கேடுகள்

நரம்பைக் கெடுப்பது கத்தி மாத்திரமன்று என்பதும் படிப்படியாகவே தெளிந்தது. ஜேர்மனியின் றிச்சாட் வொல்க்மன், முழங்கைப்புற முறிவுக்கு இட்ட கட்டு மிக இறுகினால் இரத்தவோட்டம் தடைப்பட்டுத் தசைகள் இறந்து கை வளைந்து போவதை 1881 இல் விளக்கினார். சிகிச்சையாக இட்ட கட்டே கேடாக முடிவதை இது காட்டிற்று. கட்டிய பின்னர் விரல்களின் நிறத்தையும் அசைவையும் உணர்ச்சியையும் அடிக்கடி பார்த்தல் வேண்டும் என்ற வழக்கம் இத்தகைய படிப்பினைகளாலே வேரூன்றியது. எஸ்மார்க்கின் இறப்பர் பட்டியும் தன் பங்குக்குச் சில கைகளை முடக்கிற்று. ஆதலால் அமெரிக்காவின் ஹாவி குஷிங், காற்றடைத்து அழுத்தத்தை அளந்து கட்டுப்படுத்தத்தக்க பட்டியொன்றை 1904 இல் அறிமுகப்படுத்தினார்.

காலத்தாழ்வாக வரும் கேடும் உண்டு. சிறுவயதில் முழங்கை முறிந்து கோணலாகப் பொருந்திய ஒருவருக்குப் பல்லாண்டுகள் கழித்து அரந்தி நரம்பு மெல்ல மெல்ல வாடுவதை, பாரிஸ் நகரில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் பனாஸ் 1878 இல் எடுத்துரைத்தார். இவ்வாறு இழுபடும் நரம்பைத் தவாளிப்பிலிருந்து எடுத்து முழங்கையின் முன்புறத்தே இடும் சிகிச்சையை நியூயோர்க்கைச் சேர்ந்த கேர்ட்டிஸ் 1898 இல் வெளியிட்டார்.

இவ்விடமாற்றம் நெடுங்காலம் சிறந்த வழியாகப் போற்றப்பட்டது. எனினும் நரம்பை அதன் படுக்கையிலிருந்து பெயர்க்கும்போது அதற்கு உணவூட்டும் நுண்குழாய்களும் அறக்கூடும். 1957 இல் லிவர்ப்பூலின் ஒஸ்போண், நரம்பின் மேலுள்ள நார்ப்பட்டையை அறுத்துவிடுதலே பலர்க்குப் போதுமானதெனக் காட்டினார். 2005 இல் நெதர்லாந்தில் பாட்டல்ஸ் என்பவரும் துணைவரும் 152 நோயாளரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், குணம் இரு பிரிவினர்க்கும் ஏறத்தாழ ஒத்திருந்தது. சிக்கல்களோ, பட்டையை மாத்திரம் அறுத்தோரில் நூற்றுக்கு 9.6 ஆகவும், நரம்பை இடம்மாற்றியோரில் நூற்றுக்கு 31.1 ஆகவும் இருந்தன. நரம்பைக் காண்டல் வேண்டும். தேவைக்கு மேல் தீண்டுதல் வேண்டா என்ற இரண்டாம் பாடம் இவ்வாறு கிடைத்தது.

வெளிப்புறத்து நரம்பு

ஆரையின் தலையை நீக்கவோ பொருத்தவோ செல்லும் வைத்தியர்க்கு ஆரை நரம்பின் ஆழ்ந்த கிளையே அச்சம் தருவது. அது தசையினுள் நுழையும் வாயிலில் ஒரு நார்வளைவு இருப்பதை ஜேர்மனியின் புறோசே 1908 இல் விவரித்தார். இந்நரம்பு கெட்டால் மணிக்கட்டு ஓரளவு நிமிரினும் விரல்கள் நிமிரா. 1971 இல் ஸ்ற்றாக்கன், எல்லிஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கோர் எளிய காப்பைத் தெளிவுறுத்தியது. உள்ளங்கை நிலத்தை நோக்குமாறு முன்கையைத் திருப்பி வைத்தால், அந்நரம்பு அறுக்கும் இடத்திலிருந்து உட்புறமாக விலகிச் செல்லும். புதிய கருவியுமில்லை, பொருட்செலவுமில்லை. கையைத் திருப்பிப் பிடிக்கும் ஓர் உதவியாளரின் கவனமே நரம்பைக் காக்கின்றது.

சிறுவரின் முறிவும் ஒரு கணக்கும்

மரத்திலிருந்தும் மதிலிலிருந்தும் விழும் சிறுவர்க்கு முழங்கைக்குச் சற்று மேலே புயவென்பு முறிதல் எங்கும் காணப்படுவது. இடம்பெயர்ந்த முறிவைச் சரிசெய்து தோலினூடே உலோகக் கம்பிகளைச் செலுத்தி நிறுத்தும் முறையை 1948 இல் சுவென்சன் விளக்கினார். ஒரு கம்பி வெளிப்புறத்திலிருந்தும் மற்றொன்று உட்புறத்திலிருந்தும் குறுக்காகச் செல்லும். உட்புறக் கம்பி நுழையுமிடமோ அரந்தி நரம்பின் இருப்பிடம். 1956 இல் சைல்ட்றெஸ் வெளியிட்ட ஆய்வின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேரில் முழங்கை மடங்கும்போது இந்நரம்பு தவாளிப்பைவிட்டு முன்னே நழுவுகின்றது. மடங்கிய கையில், வீக்கத்தினூடே, கண்ணுக்குத் தெரியாத நரம்பின் அருகே கம்பியைச் செலுத்துதல் எத்துணை ஆபத்தானதென்பதை இதனால் உணரலாம்.

2001 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஸ்காக்ஸ் என்பவரும் துணைவரும், தாம் சிகிச்சை செய்த 345 முறிவுகளை எண்ணிப் பார்த்தனர். வெளிப்புறக் கம்பிகளை மாத்திரம் செலுத்திய 125 சிறுவருள் ஒருவருக்கேனும் சிகிச்சையால் அரந்தி நரம்பு கெடவில்லை. உட்புறக் கம்பியை, கையை மிக மடக்காமற் செலுத்திய 149 பேருள் 6 பேருக்கும், மிக மடக்கிச் செலுத்திய 71 பேருள் 11 பேருக்கும் அந்நரம்பு பழுதுற்றது. முறிவு நிலைத்து நிற்பதில் வெளிப்புறக் கம்பிகள் குறைந்தனவுமல்ல. இக்கணக்கு வெளிவந்தபின், வெளிப்புறக் கம்பிகளே போதுமென்னும் கொள்கை வலுப்பெற்றது. உட்புறக் கம்பி இன்றியமையாதபோது, கையைச் சற்று நீட்டி, சிறிது தோலைத் திறந்து, நரம்பு அவ்விடத்தில் இல்லையென உறுதிசெய்து செலுத்தும் வழக்கமும் பரவிற்று.

குழாயினூடாகப் பார்த்தல்

முழங்கையைத் திறவாமலே சிறு துளையினூடே மூட்டுநோக்கியைச் செலுத்தி வேலை செய்தல் இன்று பெருவழக்கு. 1931 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த பேர்மன் பிணங்களில் ஆராய்ந்து, முழங்கை இதற்கு ஏற்றதன்று என்றே முதலில் எழுதினார். நரம்புகளும் குழாய்களும் அத்துணை நெருங்கியிருந்தன. 1980களில் அன்ட்றூஸ் முதலானோர் இதனைச் செம்மையாக்கினர். மூட்டினுள் நீரைச் செலுத்தி அதனை விரியச் செய்தலும், முழங்கையை மடக்கி வைத்தலும் முன்புற நரம்புகளைத் துளையிடுமிடத்திலிருந்து சற்று அகலச் செய்கின்றன. 2001 இல் அமெரிக்காவின் மேயோ நிலையத்து வைத்தியர் தம் 473 சிகிச்சைகளை எண்ணி வெளியிட்டபோது, 10 நோயாளரிடத்து 12 தற்காலிக நரம்பு வாட்டங்கள் கண்டிருந்தன. நிலையான கேடு ஒன்றுமில்லை. தேர்ந்த கைகளிலும் இடர் முற்றாக நீங்கவில்லை என்பதையும், முறையான காப்பினால் அது தணியும் என்பதையும் இவ்வெண்கள் ஒருங்கே உணர்த்துகின்றன.

வரலாறு கற்பிப்பது

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவாம். சிகிச்சைக்கு முன்னரே விரல்களின் உணர்ச்சியையும் அசைவையும் சோதித்துக் குறித்து வைத்தல், காண வேண்டிய நரம்பை முதலிற் கண்டு ஒதுக்குதல், தேவையின்றித் தீண்டாமை, கையை உரிய நிலையில் வைத்தல், பட்டியையும் கட்டையும் அளவோடு இறுக்குதல், முடிந்தபின் மீண்டும் சோதித்தல் என்பனவே இன்று நிலைபெற்ற காப்புமுறைகள். இவற்றுள் எதுவும் அரிய மேதையின் பொறியில் ஒரே நாளில் உதித்ததன்று. ஒவ்வொன்றின் பின்னும் முன்பு முடங்கிப்போன சில கைகள் உள்ளன.

அக்கைகள் வீணாகாமற் காத்தது யாது? தம் வெற்றியைப் பறைசாற்றியோர் எல்லாக் காலத்திலும் இருந்தனர். ஆனால் 71 பேருள் 11 பேருக்குத் தம் கம்பியாலே நரம்பு கெட்டதென எண்ணி, எழுதி, அச்சிற் போட்ட வைத்தியரே அடுத்துவரும் சிறுவரின் கையைக் காத்தனர். மறைக்கப்பட்ட பிழை மீண்டும் நிகழும். குறிக்கப்பட்ட பிழை பாடமாகும். அப்பியாசப் புத்தகத்திற் பிழையான விடையை அழித்துவிட்டுச் சரியானதை மாத்திரம் காட்ட விரும்பும் மாணவனுக்கும், அவ்வாறே எதிர்பார்க்கும் ஆசிரியராகிய எமக்கும் இவ்வரலாறு சொல்லும் செய்தி அதுவே.

இனியொருமுறை வாங்கின் விளிம்பில் முழங்கை இடிபட்டுச் சிறுவிரல் விறைக்குங்கால், அந்நரம்பை ஒதுக்கி வைக்கக் கற்ற கைகளையும், தாம் தவறியதை ஒளியாது எழுதிய கைகளையும் ஒருகணம் நன்றியோடு நினைவோமாக.